ஆளில்லாத ஊருக்கு ரெண்டு எம்.பி.

இங்கிலாந்து போயிட்டு வந்து ஏழு மாசம் ஆச்சு. "பயணக் கதை எங்கே?"ன்னு கேட்டவங்களும் கேட்டு ஓய்ஞ்சு போயாச்சு. லண்டனைப் பத்தி எழுத நிறையப் பேர் இருக்காங்க. எனக்கு மனசுல நின்னது லண்டனுக்கு வெளியே பார்த்த நாலு இடம்தான். ஆனா அதை எழுதணும்னா எங்க ஊர் வீட்டு விவகாரத்தையும் சேர்த்து எழுதணும். அது ஒரு முடிவுக்கு வரட்டும்னு காத்திருந்தேன். போன மாசம் வந்துடுச்சு.

முதல்ல வீடு. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். தாத்தா கட்டின ஓட்டு வீடு. வாசல்ல திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல்ல ஒரு கிணறு, ஒரு முருங்கை. அப்பா போன பிறகு அம்மா தனியா இருந்தாங்க. 2017-ல அவங்களைப் புனேவுக்குக் கூட்டிட்டு வந்தோம். "ரெண்டு மாசத்துல திரும்பிடுவேன்"னு சொல்லி, அரிசி டப்பாவுல வேப்பிலை போட்டு மூடி வச்சுட்டு வந்தாங்க. திரும்பலை. 2021-ல அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க.

அண்ணன் டெல்லியில, நான் புனேயில, தம்பி ஹைதராபாத்துல. சாவி அடுத்த தெரு பெரியம்மா கிட்ட. கோயில் கொடைக்கு எங்கள்ல யாராவது போனா திறந்து பெருக்கிட்டு வர்றது. மத்த நாளெல்லாம் பூட்டுதான்.

அதே ஊர்ல வாடகைக்கு இருக்கிற ஒரு வாத்தியார் வீட்டை விலைக்குக் கேட்டார். ரெண்டு பிள்ளைங்க, வயசான அம்மா, சின்ன வீடு, பாவம். அண்ணனும் தம்பியும் சரின்னுட்டாங்க. நான் மட்டும் கையெழுத்துப் போடலை. "திண்ணையை எடுத்துட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிக்கிடுவேன்"னு அவர் வெள்ளந்தியாச் சொன்னதுதான் காரணம். அந்தத் திண்ணையில வச்சுத்தான் அப்பா எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். ரெண்டு வருஷம் இழுத்தேன். தம்பி என்கிட்ட பேச்சையே குறைச்சுட்டான். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம், தீபாவளிக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

இந்த நிலைமையிலதான் சவுத்தாம்ப்டன்ல இருக்கிற பொண்ணு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டா.

லண்டன் எல்லாம் சுத்தி முடிச்சதும், "அம்மா, இனிமே கிராமத்துப் பக்கம் போவோம். அதுதான் அழகு"ன்னா. முதல்ல வின்செஸ்டர். சவுத்தாம்ப்டன்லேர்ந்து ரயில்ல இருபது நிமிஷம். ஊருக்கு நடுவுல 1079-ல கட்ட ஆரம்பிச்ச கதீட்ரல். உள்ளே நுழைஞ்சதும் நான் தேடினது ஜேன் ஆஸ்டின் கல்லறையை. 1817-ல இந்த ஊர்லதான் இறந்தாங்க. தரையில ஒரு கருங்கல். நல்ல குணம், நல்ல மனசுன்னு நிறைய எழுதியிருக்கு. நாவல் எழுதினவங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை இல்லை! பிற்பாடுதான் பக்கத்துச் சுவர்ல ஒரு பித்தளைத் தகடு பதிச்சு அதைச் சொல்லியிருக்காங்க.

என் வீட்டுக்காரர் சிவில் எஞ்சினியர். அவருக்கு ஜேன் ஆஸ்டின் எல்லாம் பொருட்டே இல்லை. ஒரு சின்னச் சிலை முன்னால நின்னுட்டு நகரவே மாட்டேன்னுட்டார். முத்துக்குளிக்கிறவன் மாதிரி உடுப்புப் போட்ட ஒரு மனுஷன் சிலை. கதீட்ரல்ல இவனுக்கு என்ன வேலை?

கதை இதுதான். இந்தக் கட்டடம் சதுப்பு நிலத்து மேல, மரக்கட்டைகளைப் படுக்க வச்சு அதுமேல எழும்பினது. எண்ணூறு வருஷம் கழிச்சு, 1900-களோட ஆரம்பத்துல, சுவர் சாய ஆரம்பிச்சுது, விரிசல் விட்டுது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தலாம்னு தோண்டினா குழி பூரா தண்ணி. தண்ணியை இறைச்சா மண்ணும் சேர்ந்து வரும், சுவர் விழுந்துடும். கடைசியில வில்லியம் வாக்கர்னு ஒரு முக்குளிப்பவரைக் கூட்டிட்டு வந்தாங்க. 1906-லேர்ந்து 1911 வரைக்கும் அவர் தினம் அந்தத் தண்ணிக்குள்ள இறங்கினார். கலங்கின தண்ணி, ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. கையால தடவித் தடவியே சிமெண்ட் மூட்டையை அடுக்கியிருக்கார். மொத்தம் 25,800 கான்கிரீட் மூட்டை, 1,14,900 கான்கிரீட் கட்டி, 9 லட்சம் செங்கல்லுன்னு கணக்கு வச்சிருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை. முதல்ல வச்ச சிலையில தவறிப் போய் எஞ்சினியர் பிரான்சிஸ் ஃபாக்ஸோட முகத்தைச் செஞ்சுட்டாங்களாம்! 2001-லதான் சரியான முகத்தோட வேற சிலை வச்சாங்க. "வேலை செஞ்சவன் ஒருத்தன், முகம் எஞ்சினியருக்கு. எங்க சைட்லயும் இப்படித்தான்"னு எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் சிரிச்சார் :-)

அடுத்த சனிக்கிழமை சாலிஸ்பரி. மாப்பிள்ளை கார் ஓட்டினார். ஊருக்குள்ள நுழையுறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கோபுரம் தெரிய ஆரம்பிச்சுடுது. 123 மீட்டர். பிரிட்டன்ல இதை விட உயரமான கதீட்ரல் கோபுரம் கிடையாது. 1220-ல அடிக்கல் போட்டு 1258-க்குள்ள முக்கியமான கட்டடத்தை முடிச்சுட்டாங்க. கோபுரம் மட்டும் பிற்பாடு ஏத்தினது. ஏறக்குறைய 6,500 டன் பாரம். கீழே நடுவுல நிக்கிற நாலு தூணும் இதைச் சுமக்குறதுக்காகக் கட்டினதே இல்லை. தூண் பக்கத்துல நின்னு அண்ணாந்து பார்த்தா, கல்தூண் வளைஞ்சிருக்கிறது கண்ணுக்கே தெரியுது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்னு நினைக்கிறீங்க? நாலடிதான்! கீழே சரளைப் படுகையும் தண்ணியும். தரையில ஒரு ஓட்டை இருக்கு. அதுக்குள்ள குச்சியை விட்டு, தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பார்க்கிறாங்க. நம்மூர்ல கிணத்துல கயிறு விட்டுப் பார்க்கிற மாதிரியேதான். 1668-ல கிறிஸ்டோபர் ரென், அதாவது லண்டன் செயின்ட் பால் கதீட்ரலைக் கட்டினவர், வந்து அளந்து பார்த்து, கோபுரம் முக்கால் மீட்டர் கிட்ட சாய்ஞ்சிருக்குன்னு சொன்னார். அதைத் தரையில ஒரு பித்தளைத் தகடு வச்சு அடையாளம் பண்ணியிருக்காங்க. 1980-கள்ல தொடங்கின மராமத்து மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. கல்தச்சர்களுக்குன்னு கதீட்ரல்லயே தனிப் பட்டறை.

பக்கத்து மண்டபத்துல மாக்னா கார்ட்டா. 1215-ல எழுதினதுல இன்னிக்கு மிஞ்சியிருக்கிறது நாலே பிரதி. அதுல ஒண்ணு இது. பொடிப் பொடியா எழுதின ஒரு தோல் தாள். "இதுக்கா இவ்வளவு வரிசை?"ன்னு பேரன் கேட்டான். ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்னு எழுதி வாங்கினது இதுலதான்னு மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தார்.

மத்தியானம் கட்டுச்சோறு சாப்பிட, மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுக்குப் போனோம். பேர் ஓல்ட் சாரம். சாரம்னா கட்டடச் சாரம் இல்லை, சாலிஸ்பரியோட பழைய பேர். முதல் கதீட்ரல் இந்த மேட்டு மேலதான் இருந்திருக்கு, 1092-ல. கூடவே கோட்டை, வீடுங்க. ஆனா மேட்டுல தண்ணிக் கஷ்டம், எப்பப் பார்த்தாலும் பேய்க்காத்து, கோட்டைச் சிப்பாய்களோட பாதிரியார்களுக்குத் தீராத சண்டை. சரின்னு கீழே ஆத்தங்கரைக்கு இறங்கிப் புதுசா ஊர் கட்டிக்கிட்டாங்க. ஜனங்களும் கொஞ்சம் கொஞ்சமாக் கீழே வந்துட்டாங்க. பழைய கதீட்ரல் கல்லைப் பெயர்த்துட்டுப் போய்ப் புதுசைச் சுத்தி மதில் கட்டினாங்க. இப்ப மேட்டுல புல்லுக்கு நடுவுல கதீட்ரலோட வரைபடம் மட்டும் அஸ்திவாரக் கோடாத் தெரியுது. ஒரு பெரிய கோலம் போட்ட மாதிரி.

புளியோதரையைப் பிரிச்சு வச்சப்பதான் மாப்பிள்ளை அந்த விஷயத்தைச் சொன்னார். ஊரே காலியான பிறகும், இந்த மேட்டுக்குப் பார்லிமெண்ட்ல ரெண்டு உறுப்பினர் இருந்தாங்களாம். 1832-ல சட்டத்தைத் திருத்தி ஒழிக்கிற வரைக்கும்! குடியிருக்க ஆள் கிடையாது. ஆனா இங்கே நிலத்துண்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு ஓட்டு. நிலத்தை வாங்கிட்டா ஓட்டும் நம்ம கையில.

அப்படி வாங்கினவர் யார் தெரியுமா? நம்ம மெட்ராஸ் கவர்னர்! தாமஸ் பிட். 1698-லேர்ந்து 1709 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்தவர். அதுக்கு முன்னாலயே இந்த ஓல்ட் சாரத்தை வாங்கிப் போட்டு எம்.பி. ஆயிட்டார். மெட்ராஸ்ல இருந்தப்ப ஒரு வியாபாரி கிட்ட 48,000 வராகனுக்கு ஒரு வைரம் வாங்கினார். கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்து வைரம். 1717-ல அதைப் பிரெஞ்சு ராஜ குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்கு வித்தார். இப்ப அது பாரீஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. அந்தப் பணத்துல நிலபுலன், மாளிகை எல்லாம் சேர்த்தார். பேரன் வில்லியம் பிட்டும் 1735-ல இதே ஆளில்லாத மேட்டோட எம்.பி.யாத்தான் பார்லிமெண்ட்டுக்குள்ள போய், பிற்பாடு பிரதமரே ஆனார்.

நாங்க எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தோம். எங்க வீட்டுக்காரர் அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டே, "ஊர்ல இருக்கவும் மாட்டாங்க, உரிமையை விடவும் மாட்டாங்க. உன்னை மாதிரியே"ன்னார்.

அவர் விளையாட்டாத்தான் சொன்னார். ஆனா பொண்ணு, மாப்பிள்ளை முன்னால சொன்னது எனக்குச் சுருக்குன்னு தைச்சுடுச்சு. "உங்க அப்பா கட்டின வீடா இருந்தா தெரியும்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். வீடு வர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை. ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. அந்தப் புல்மேடும் அஸ்திவாரக் கோடும்தான் கண்ணுக்குள்ள. அந்த ஊரை ஜனங்க விட்டுட்டு வந்ததுல தப்பே இல்லை. தண்ணி இல்லாத மேட்டுல எப்படி இருக்கிறது? நாமளும் பிழைப்புக்குத்தானே வெளியே வந்தோம். ஆனா போன பிறகும் பேரை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு, இருக்கிறவனுக்கும் விடாம... சரி, விடுங்க.

அடுத்த வாரம் ஸ்டூர்ஹெட். காட்டுக்கு நடுவுல ஒரு மாளிகை, ஏரி, தோட்டம். லண்டன் ஹோர் வங்கிக்காரங்க 1717-ல வாங்கின இடம். அவங்க மகன் இரண்டாம் ஹென்றி 1740-கள்ல வேலையைத் தொடங்கி, ஓடையை அணை கட்டித் தடுத்து, ஏரியை உண்டாக்கி, அதைச் சுத்திக் கிரேக்கக் கோயில், ரோமாபுரிக் கோயில், குகை, பாலம்னு கட்டி வச்சார். எங்கே நின்னாலும் படம் வரைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா பணம் எங்கேர்ந்து வந்துதுன்னும் பார்க்கணும். 1720-ல தென்கடல் கம்பெனிப் பங்குகள்ல ஊரே நஷ்டப்பட்டப்ப லாபம் பார்த்த வங்கி இது. அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க அடிமைகளை விக்கிற ஒப்பந்தம் வச்சிருந்த கம்பெனி. அழகைப் பார்க்கிறப்ப இதையும் மறந்துடக் கூடாது.

மாளிகைக்குள்ள ஒவ்வொரு அறையிலயும் ஒரு தன்னார்வலர். எல்லாம் எழுபது வயசுக்கு மேல. துணி வெளுத்துடும்னு ஜன்னல் திரையைப் பாதி இறக்கி வச்சிருந்தாங்க. ஒரு அறையில சிப்பாய் உடுப்புல ஒரு பையன் படம். நான் அதையே பார்த்துட்டு நின்னேன். அங்க இருந்த அம்மா மெதுவாக் கதை சொன்னாங்க.

ஹாரி ஹோர். சர் ஹென்றிக்கும் ஆல்டாவுக்கும் ஒரே பிள்ளை. 1902-ல வீட்டோட நடுப்பகுதி தீப்பிடிச்சு எரிஞ்சுது. பிள்ளைக்கு வேணுமேன்னு அதை மறுபடி கட்டினாங்க. முதல் உலகப் போர்ல பாலஸ்தீனப் பக்கம் சண்டையில அடிபட்டு, 1917 டிசம்பர்ல அலெக்சாண்ட்ரியா ஆஸ்பத்திரியில பையன் இறந்துட்டான். அதுக்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் அந்த ரெண்டு பேரும் இந்த வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க. 1946-ல வீடு, சாமான், தோட்டம் எல்லாத்தையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் ஒரே நாள்ல, சில மணி நேர இடைவெளியில, இறந்து போனாங்க.

அந்த அம்மாவுக்கும் கண் கலங்கிடுச்சு. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாங்களோ!

இங்கிலாந்துல இந்த மாதிரி மாளிகைக்காரங்க பாதிப் பேருக்கு இதே கதிதான். 1894-ல வாரிசு வரி வந்துது. வேலையாள் கிடைக்கலை. ரெண்டு போர்ல வாரிசுங்க செத்தாங்க. பராமரிக்க முடியாம நூத்துக்கணக்கான மாளிகைகளை இடிச்சே தள்ளியிருக்காங்க. 1895-ல ஆரம்பிச்ச நேஷனல் டிரஸ்ட், 1937-க்குப் பிறகு சட்டப்படி இந்த மாதிரி வீடுகளைத் தானமா வாங்கிக்கிட்டது. டிக்கெட், சந்தா, டீக்கடை வருமானத்துல காப்பாத்துது. நமக்கு இன்னிக்குப் பார்க்கக் கிடைக்கிறதுல நிறைய, சொந்தக்காரங்க கையை விட்டுக் கொடுத்த வீடுங்கதான்.

வெளியே வந்து ஏரிக்கரைப் பெஞ்சுல உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலரை மணி. நம்மூர்ல ராத்திரி ஒன்பது. தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, ஒடம்புக்கு ஏதாவதா?"ன்னு பதறினான். நான் போன் பண்ணி அவ்வளவு நாளாச்சு.

"வாத்தியார் இன்னும் வீட்டைக் கேக்குறாராடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு வருஷமாக் கேக்கலைக்கா."

"கேட்டுப் பாரு. திண்ணையை அவர் இஷ்டப்படி செஞ்சுக்கட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்."

நம்ம ஓட்டு வீட்டை எடுத்துக்க நேஷனல் டிரஸ்ட் எல்லாம் வராது. நமக்கு அந்த வாத்தியார்தான் நேஷனல் டிரஸ்ட்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆகஸ்ட்ல மூணு பேரும் ஊருக்குப் போனோம். அம்மா காரியத்துக்குப் பிறகு மூணு பேரும் சேர்ந்து போனது அப்பத்தான். கதவைத் திறந்தா மண்வாடை. கொத்தனார் ஓட்டு மேல ஏறிப் பார்த்துட்டு இறங்கி, "பின்சுவத்துல அரசங்கன்னு முளைச்சு வேர் உள்ளுக்குள்ள போயிருச்சு. உத்திரத்துல கரையான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தீங்கன்னா கன்னைப் பிடுங்கிப் போட்டுப் பூசியிருக்கலாம். இப்ப அடுக்களையை இடிச்சுத்தான் ஆகணும்"னார்.

ரெண்டு வருஷம். நான் கையெழுத்துப் போடாம இருந்த அதே ரெண்டு வருஷம். திண்ணையைக் காப்பாத்தறேன்னு அம்மா சமைச்ச அடுக்களையைத் தொலைச்சுட்டேன். தம்பி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலை. அடுக்களைக்குள்ள போய் அந்த அரிசி டப்பாவை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தான். அடியில வேப்பிலை பொடிஞ்சு கிடந்தது.

வாத்தியார் இன்னும் வீடு கிடைக்காமத்தான் இருந்தார். விலையைக் குறைச்சுக் கொடுத்தோம். போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுக்கு முன்னாலயே, கார்த்திகை மழை வலுக்கிறதுக்குள்ள வேலை ஆரம்பிச்சுக்கிடுங்கன்னு சாவியைக் கொடுத்துட்டோம். கைமரம் எல்லாம் மாத்தி, ஓட்டைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டார். திண்ணை போயிடுச்சு. பொங்கலுக்கு அவர் அனுப்பின படத்துல அந்த இடத்துல ஒரு பைக்கும், ரெண்டு பிள்ளைங்களோட சைக்கிளும் நிக்குது. பார்க்கக் கஷ்டமாத்தான் இருந்தது. பட்டாசல்ல டியூப்லைட் எரியுது. எட்டு வருஷம் கழிச்சு அந்த வீட்டுல பொங்கல் பானை வச்சிருக்காங்க. "மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலைக்கா, ஊருக்கு வந்தா நம்ம வீட்டுக்குத்தான் வரணும்"னு எழுதியிருந்தார். நம்ம வீடுன்னுதான் எழுதியிருந்தார்.

இதைப் படிக்கிற உங்கள்ல பலருக்கும் ஊர்ல ஒரு பூட்டு தொங்கிட்டு இருக்கும்னு தெரியும். விக்கிறதா வச்சுக்கிறதாங்கிறது உங்க குடும்பத்து விஷயம், நான் சொல்ல மாட்டேன். ஆனா சாவி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க. ஒரு ஆளை விட்டு ஓட்டு மேல, மொட்டை மாடி மேல ஏறிப் பார்க்கச் சொல்லுங்க. அரசங்கன்னு சின்னதா இருக்கிறப்ப ரெண்டு விரலால பிடுங்கிடலாம்.